மேய்ப்பர் தேவை

ஓலாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதை வைத்து, அடி அண்ணாமலை விவகாரத்துக்கே நான்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இலக்கணமும் தெரியாது, நியாயமும் தெரியாது.

என் பெயர் சக்கரபாணி. எம்.ஏ. தமிழ். 1993-இல் செங்கம் ரோட்டில் ஒரு மிஷனரிப் பயிற்சி இல்லம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர்களுக்கு அங்கே தமிழும் ஊர்ப் பழக்கமும் கற்றுத்தருவார்கள். பிறகு ஆளுக்கு ஓர் ஊர் பார்த்துக்கொடுப்பார்கள். அந்த ஊரில் ஒரு சபையைத் தொடங்கி, அதை உள்ளூர்க்காரர் ஒருவர் கையில் ஒப்படைத்தால்தான் பயிற்சியில் தேறியதாகக் கணக்கு. நான் தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் பாடம் நடத்தினேன். அவர்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எனக்கும் அவர்கள் புத்தகத்தில் ஆட்சேபணை இல்லை, சில இடங்களில் சந்திப் பிழையைத் தவிர.

நார்வேயிலிருந்து வந்த ஓலாவ் நல்ல பையன். ஆறடிக்கு மேல் உயரம், கேரட் நிறத்தில் தாடி. அவன் எந்த ஆட்டோவில் ஏறி எந்த இடத்தைச் சொன்னாலும், தியானம் பண்ண வந்தவன் என்று ஆசிரம வாசலில் இறக்கிவிட்டுவிடுவார்கள். அங்கிருந்து நடந்தே வருவான். அவனுக்குக் கொடுத்த ஊர் அடி அண்ணாமலை. ஒரு வருடம் ஆகியும் அங்கே ஒரு ஆள்கூடச் சேரவில்லை. அவன் பேச்சு யாருக்கும் புரியாதது ஒரு காரணம். "அம்மையீர், தாகத்துக்கு நீர் அருளுவீராக" என்று டீக்கடையில் கேட்டால் கடைக்காரம்மா உண்ணாமலை கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். தமிழ் சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

வெளிநாட்டிலிருந்து டைரக்டரம்மா சோதனைக்கு வரப்போவதாகத் தகவல் வந்ததும் ஓலாவ் சோறு இறங்காமல் திரிந்தான். சபையை நடத்துகிறவரை மேய்ப்பர் என்றும் சபையாரை மந்தை என்றும் சொல்வது அவர்கள் வழக்கம். உள்ளூர் மேய்ப்பர் ஒருவரைக் காட்டாவிட்டால் அவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவன் அப்பாவின் மீன் கடை காத்திருந்தது. "ஐயா, என் தகப்பனார் என்னைப் பார்த்து நகைப்பார்" என்றான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

கடைசியில் அவனே ஒரு விளம்பரம் எழுதிக்கொண்டு வந்தான். 'மேய்ப்பர் தேவை. மந்தையை கவனிப்பவராக, காணாமற்போனதைத் தேடுபவராக இருத்தல் வேண்டும். சம்பளமும் தங்க இடமும் உண்டு.' நான் திருத்திக் கொடுத்தேன். 'மந்தையைக் கவனிப்பவராக' என்று ஒரு 'க்' போட்டேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை. அவன் அதைக் கொண்டுபோய் உண்ணாமலையின் டீக்கடைச் சுவரில் ஒட்டினான்.

மூன்றாம் நாள் முருகையன் வந்துவிட்டான். எண்ணெய் தடவி வாரிய தலை, துவைத்த வேட்டி, தோளில் துண்டு. வெளியே ஓரமாக ஒரு கம்பைச் சாத்திவைத்துவிட்டு உள்ளே வந்தான். அன்றைக்குக் காலையில்தான் டைரக்டரம்மா வந்து இறங்கியிருந்தார். இரும்புப் பீரோ மாதிரி ஒரு அம்மா. உடனே நேர்காணல் வைத்துவிட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

"மந்தையைக் கவனித்த அனுபவம் உண்டா?"

"பொறந்ததுல இருந்தே அதான் சார் வேலை. எங்கப்பாவுக்கும் இதே வேலைதான்."

டைரக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. இப்போது எத்தனை பேர் என்று கேட்டார்.

"நாப்பது இருக்குதுங்க. பேர் சொல்லிக் கூப்ட்டா எங்க இருந்தாலும் ஓடியாரும்."

ஓலாவ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். அடி அண்ணாமலையில் தனக்குத் தெரியாமல் நாற்பது பேரா!

"வளர்ச்சி எப்படி?"

"வருசத்துக்கு ரெண்டு மடங்கு ஆயிடுங்க. மழ நல்லா பேஞ்சா இன்னும் ஜாஸ்தி."

டைரக்டரம்மாவின் பேனா கீழே விழுந்தது. உலகத்தில் எந்த நாட்டிலும் தங்கள் சபைகள் இந்த வேகத்தில் வளரவில்லை என்றார்.

"நோயுற்றால்?"

"வேப்பெண்ண தடவி, தலையத் தடவிக்குடுத்துனு ராத்திரி பூரா கூடவே குந்தினு இருப்பேன்."

எண்ணெய் பூசுகிறானாம், இரவெல்லாம் விழித்திருக்கிறானாம். டைரக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "இதுவரை யாரையாவது இழந்ததுண்டா?" என்றார்.

முருகையன் யோசித்தான். "இழந்ததுன்னா... ரெண்ட சந்தையில வித்துட்டேன் சார். ஒண்ண, கூழ் ஊத்தறப்போ அறுத்துட்டோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி, இவன் ஆடு மேய்க்கிறவன்! ஓலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. 'வித்துட்டேன்', 'அறுத்துட்டோம்' எல்லாம் நான் சொல்லிக்கொடுக்காத தமிழ். அவன் சிரித்துக்கொண்டு நின்றான். ஒரு வருடத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

"இரண்டு பேர் வேறு மந்தையில் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் ஆண்டவனிடம் சேர்ந்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இதில் எது பொய்?

"ஞாயிற்றுக்கிழமை மந்தை முழுவதையும் அழைத்து வரச் சொல்லுங்கள்" என்றார் டைரக்டரம்மா.

"எல்லாத்தையுமா? குட்டிங்களையுமா?" என்றான் முருகையன்.

"குழந்தைகளைக் கட்டாயம்" என்றார்.

மறுநாள் நான் முருகையன் வீட்டுக்குப் போய், ஆடுகளை விட்டுவிட்டு நாற்பது சொந்தக்காரர்களைக் கூட்டிவரும்படி கெஞ்சினேன். அவன் மனைவி ஆராயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆட்டப் பாத்துதான சார் வேல குடுக்கறாங்க? எங்க சொந்தக்காரங்களப் பாத்தா யாராச்சும் வேல குடுப்பாங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்தின் பின்புறம் ஷாமியானா போட்டு, ஜமுக்காளம் விரித்து, மேசைமேல் சாமந்தி மாலை வைத்திருந்தார்கள். டைரக்டரம்மா பெரிய ஓலைத் தொப்பியோடு வாசலில் நின்றார். ஓலாவ் வேட்டி கட்டி, மேலே பெல்ட் போட்டிருந்தான். முதலில் கழுத்துமணிச் சத்தம் கேட்டது. பிறகு செங்கம் ரோடு முழுக்க ஆடு. லாரிகள் ஹாரன் அடித்தன. முருகையன் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட, நாற்பதும் வரிசையாக ஷாமியானாவுக்குள் நுழைந்தன. எல்லாவற்றையும் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய்கூடத் தடவியிருந்தான்.

சாமந்தி மாலை முதலில் போயிற்று. அடுத்தது பாட்டுப் புத்தகங்கள். ஒரு கிடா டைரக்டரம்மாவின் தொப்பியைப் பின்னாலிருந்து இழுத்து விளிம்பிலிருந்து தின்ன ஆரம்பித்தது. அவர் திரும்பவே இல்லை. ஓலாவைப் பார்த்து, "இவர் நம் சபையின் மேய்ப்பர்தானா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். கைவசம் இரண்டு நல்ல மொழிபெயர்ப்புகள் தயாராக இருந்தன. ஆனால் ஓலாவ் முந்திக்கொண்டான்.

"இல்லை. இவர் ஆடு மேய்ப்பவர். எனக்குச் சபையும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. ஒருவர்கூட வரவில்லை" என்றான். அவன் தாடி நடுங்கியது. மீன் கடைக்குப் போகத் தயாராகிவிட்டான்.

டைரக்டரம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். குட்டி ஒன்று அவர் மடியில் ஏறிக்கொண்டது. அந்த இரும்புப் பீரோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அன்றைக்குப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்கே நீ தேறவில்லை. அதில் மாற்றமில்லை" என்றார். பிறகு, "மங்கோலியாவில் புதிதாகத் தொடங்குகிறோம். போக ஆள் இல்லை. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆடு மேய்ப்பவர்கள்தான். பொய் சொல்லாதவன் ஒருவன் அங்கே எனக்கு வேண்டும். போகிறாயா?" என்றார். ஓலாவ் தலையாட்டிவிட்டு அழுதான்.

முருகையனிடம் நான் விஷயத்தை விளக்கினேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "வேல இல்லன்னா பரவால்ல சார், ஆடுங்களுக்குத் தண்ணியாவது காட்டுங்க" என்றான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "அந்த ஊர்ல எங்களவிட கூலி ஜாஸ்திங்களா?" என்று கேட்டான்.

புறப்பட ஒரு மாதம் இருந்தது. என்னிடம் பாடத்துக்கு வராமல் ஓலாவ் தினமும் முருகையனோடு ஆடு மேய்க்கப் போனான். மங்கோலியாவுக்குத் தொழில் பழக வேண்டுமாம். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவான். மூக்கு உரிந்து, தாடியில் ஓணான் பிடிக்கலாம்போல் முள்ளும் தழையுமாக வருவான்.

கடைசி நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனேன். அடி அண்ணாமலையிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. அவர்கள் யாரும் சபைக்கு வந்தவர்கள் இல்லை. ஓலாவ் ஒருவனைத் திட்டினான், இன்னொருவனைக் கேலி செய்தான், உண்ணாமலையிடம், "யக்கா, கடன்ல ரெண்டு டீ குட்சிட்டேன், மன்னாப்பு பண்ணு" என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"இன்னா சார், மூஞ்சிய உம்முன்னு வெச்சினு இருக்கீங்க? அழாதீங்க சார், லெட்டர் போடறேன்" என்றான்.

ஒரு இலக்கணம் கிடையாது. அச்சு அசல் அடி அண்ணாமலைக்காரன். பஸ் போளூர் ரோட்டில் திரும்பி மறையும்வரை நான் அங்கேயே நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை. இவ்வளவு நல்ல தமிழை வைத்துக்கொண்டு அந்தப் பையன் மங்கோலியாவில் போய் யாரோடு பேசுவான்?