மூன்றாவது அடி

வெங்காயத்தின் காய்ந்த தாளைப் பிய்த்துக்கொண்டிருந்த தியோலினாவின் விரல்கள் சட்டென்று நின்றுபோயின. மேட்டுத் தேவாலயத்தில் பாடகர் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. சபையின் நூற்றாண்டு விழாவுக்கென்று புதிதாகக் கட்டிய பாட்டாம். வார்த்தைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் வேதாகமத்தின் சங்கீதங்களிலிருந்து எடுத்தவை. மெட்டுதான்... மூன்றாவது அடியில் அது ஒரு படி இறங்கி, தயங்கி, மறுபடியும் இறங்கியது. தோபா ஏரிக்கரையில் அத்தனை வெயிலிலும் அவளுக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போனது.

அந்த மெட்டை அவள் கேட்டது சிறுமியாக இருந்தபோது, ஏரிக்கு அந்தப் பக்கத்து மலைமேல், முன்னோரின் எலும்பைத் தோண்டியெடுத்து மறுபடி அடக்கம் செய்கிற தாத்தா வீட்டு எலும்பெடுப்புச் சடங்கில். வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட மத்தளங்களும் குழலும் அதை வாசித்தன. செத்துப்போன பெரியவர்களைக் கூப்பிடுகிற மெட்டு அது, சும்மா வாசிக்கக் கூடாது. கூப்பிட்டதும் வந்தது. வந்தது அவள்மேல். யாரோ கிழவனின் கரகரத்த குரலில் பேசினாய், நாலு ஆள் பிடித்தும் அடங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். அவளுக்கு நினைவிருப்பது வேறு. தன் உடம்புக்குள் தனக்கே இடமில்லாமல் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றாளே, அது. அப்பா அவளைப் படகேற்றி இந்தக் கரைக்குக் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். கல்யாணமான பிறகும் புருஷனிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எப்படி விடுவது? அவள் புருஷன் ஜோங்கர்தான் சபைக்கு மூப்பர். ஆவி இறங்கி ஆடியவர்களுக்கு நற்கருணை கிடையாது என்று எழுந்து நின்று சொல்கிற வாயே அவருடையதுதான்.

முறத்தை உதறிவிட்டு மேட்டில் ஏறினாள். ஒத்திகை முடிந்து மங்காசி பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான். குழுவை நடத்துகிறவன், வாய் ஓயாதவன்.

"வாங்க வாங்க, ரிஸ்மா அம்மா! கீழ வரைக்கும் கேட்டுச்சா? எப்படி நம்ம பாட்டு?"

"மெட்டு எங்க புடிச்ச தம்பி?"

"நல்லா கேட்டீங்க போங்க! உங்க வீட்லதான்." சிரித்தான். "ரிஸ்மாதான் பாடிக் காட்டுனா. அம்மா வெங்காயம் உரிக்கும்போது எப்பவும் இதத்தான் முனகிக்கிட்டு இருப்பாங்கன்னா."

"நானா?"

"பின்ன? தெரியாத மாதிரி கேக்குறீங்களே!"

தியோலினா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பூட்டி வைத்திருப்பதாக நினைத்தது அவள் வாயிலேயே குடியிருந்திருக்கிறது. அதை ஒரே மகளுக்கும் ஊட்டி வளர்த்திருக்கிறாள், பாவி.

"இது வேணாம் தம்பி. மாத்திடு. இது அந்தக் காலத்து மெட்டு."

"அட, இருந்துட்டுப் போகட்டுமே! வெள்ளக்காரப் போதகருங்க கொண்டுவந்த பாமாலையில எத்தன பாட்டு அவங்க ஊரு குடிகாரன் பாடுனதோ, யாரு கண்டா? கழுவித் தொடச்சு ஆண்டவருக்குக் குடுத்தாச்சு, அவ்வளவுதான். பேராயர் வேற வர்றாரு, இப்பப் போயி மாத்தச் சொல்றீங்களே." பிறகு குரலைத் தணித்தான். "ரிஸ்மா மூணாவது அடியப் பாடுறப்ப பாத்திருக்கீங்களா? கண்ணு அப்படியே சொருகிடுது. அந்த பக்தி யாருக்கு வரும்!"

தியோலினா விறுவிறுவென்று மேட்டை விட்டு இறங்கினாள்.

வீட்டில் மகளிடம் கெஞ்சிப் பார்த்தாள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிடு, இந்த ஒரு வாரம் பாடாதே.

"எனக்குத் தொண்ட நல்லாத்தான் இருக்கு. உன் பாட்டாச்சே, சந்தோஷப்படுவேன்னு நெனச்சேம்மா."

"அது என் பாட்டு இல்லடி."

"பின்ன யாருது?"

சொல்ல வாயெடுத்தாள். உள்ளே ஜோங்கர் விழாவுக்கான கறுப்பு அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள். சீ, நீயெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நிற்க இடமில்லை. பாட்டு தொடங்கியது. தியோலினா கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு தன் உடம்பையே வேவு பார்த்தாள். வந்தால் என்மேல் வரட்டும், சபை நடுவே விழுந்து மானம் போனாலும் போகட்டும், என்மேலேயே வரட்டும் ஆண்டவரே. மூன்றாவது அடி இறங்கியது, தயங்கியது, மறுபடியும் இறங்கியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தபடி நிமிர்ந்தாள்.

குழுவின் முதல் வரிசையில் நின்ற ரிஸ்மா இமைக்கவில்லை. அவளிடமிருந்து வந்த குரல் பெண்களின் குரலுக்குக் கீழே, ஆண்களின் குரலுக்கும் கீழே போய்விட்டிருந்தது. சளி கட்டிய கிழட்டுத் தொண்டையின் கரகரப்பு. மங்காசி வியந்துபோய், இன்னும் இன்னும் என்று அவள் பக்கமாகக் கையை உயர்த்தினான். பேராயர் கண்மூடித் தலையாட்டினார்.

தியோலினா எழுந்துவிட்டாள். நிறுத்துங்கள் என்று கத்தத்தான் எழுந்தாள். மூப்பர் மனைவியே எழுந்துவிட்டாளே, பாட்டுக்கு மரியாதை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். பிறகு அந்த வரிசை எழுந்தது. பெஞ்சுகள் கிறீச்சிட, சபை முழுதும் எழுந்து நின்று சேர்ந்து பாடத் தொடங்கியது. அவள் கத்தியது அவள் காதிலேயே விழவில்லை. மேலே பீடத்தருகே நின்றிருந்த ஜோங்கர் அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"ரிஸ்மா!"

தோள்களை இடித்துக்கொண்டு முன்னே போனாள். எதிரே முதுகுகள், கறுப்புக் கோட்டுகள், தோளில் போட்ட நெய்த துணிகள். மகள் தெரியவில்லை. முதுகுகள் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்தன, ஒன்றாக வலப்பக்கம் சாய்ந்தன. அவற்றுக்கு மேலே மங்காசியின் கை மட்டும் தெரிந்தது. மூன்றாவது அடியை இன்னொரு தரம் என்று அது சுழன்றது.