ஒன்று புள்ளி ஏழு வோல்ட்

தட்சணாமூர்த்தியின் வீடியோ ஸ்டூடியோ மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருந்தது. கல்யாண வீடியோவை கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, பாட்டுச் சேர்த்து சிடியாகக் கொடுப்பார்கள். அந்த மிக்ஸிங் முழுக்க அங்கே வேலைபார்த்த ஜெயப்ரியாதான். கீழ்புத்துப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கம்ப்யூட்டர் பழைய செலரான் பிராசஸர் போட்டது. 2005-லேயே அது கிழட்டு மெஷின்.

பாண்டிச்சேரி நண்பன் ஒருவன் தட்சணாமூர்த்திக்கு வழி சொன்னான். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸில் போய் வேகத்தைக் கூட்டலாம். கூட்டிய வேகத்தைத் தாங்க பிராசஸருக்கு வோல்டேஜும் கொஞ்சம் தூக்கணும். பத்தலைன்னா கணக்குத் தப்பும், அதிகமானா சூடாகிச் செத்துப்போகும். ஒவ்வொரு படியா ஏத்தி நல்லா சோதிச்சுப் பாருடா என்றான்.

தட்சணாமூர்த்தி வேகத்தைக் கூட்டி, ஒன்றரை வோல்ட்டை ஒன்று புள்ளி ஆறு ஆக்கினான். விண்டோஸ் வந்தது. அதுவே போதும் என்று விட்டுவிட்டான். ஜெயப்ரியாவிடம் சொல்லவில்லை.

"என்னண்ணா, மெஷின் ரொம்ப ஃபாஸ்ட்டா போவுது?" என்று அவள் கேட்டபோது சிரித்து வைத்தான்.

அடுத்து வந்தது உப்பள முதலாளி கண்ணாயிரத்தின் மகள் பொன்னியின் கல்யாணம். வீடியோவை கம்ப்யூட்டரில் ஏற்றியதும், வழக்கம்போல அந்த கேசட்டிலிருந்ததை அழித்து அதிலேயே தட்சணாமூர்த்தி வேறொரு காதுகுத்தை எடுத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் ஜெயப்ரியா கூப்பிட்டாள். முகூர்த்தம் இருந்த ஃபைல் திறக்கவில்லை. திறந்த கொஞ்சமும் பச்சைக் கட்டம் கட்டமாக இருந்தது. தாலி கட்டும் காட்சி எங்குமே இல்லை.

கண்ணாயிரம் கடைக்கே வந்துவிட்டார். "ஏம்பா, என் பொண்ணு கழுத்துல தாலி ஏறினது எங்க?"

தட்சணாமூர்த்தியின் கண் கம்ப்யூட்டர் பக்கம் போனது. மெஷின் என்று சொல்ல வாயெடுத்தவன், "இந்தப் பொண்ணு ஏதோ கைதவறி அழிச்சிட்டா போலிருக்குதுங்க" என்றான்.

ஜெயப்ரியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அழிக்கலைங்க" என்று ஒரு தரம் சொன்னாள். கண்ணாயிரம் அவளைத் திட்டித் தீர்த்தார். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை கேட்டாளாம். கல்யாண சிடியைக் கெடுத்த பொண்ணா என்று அனுப்பிவிட்டார்களாம்.

தானே மிக்ஸிங் செய்ய உட்கார்ந்தான் தட்சணாமூர்த்தி. இரண்டாவது நாளே இன்னொரு ஃபைல் அதே பச்சைக் கட்டத்தோடு கெட்டது. மெஷின் பக்கத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை.

நண்பனிடம் சோதனை சிடி வாங்கி வந்தான். பிராசஸரை இடைவிடாமல் கணக்குப் போடவைக்கும் புரோகிராம் அது. ஒன்று புள்ளி ஆறில் டீ ஆறுவதற்குள் பிழை வந்தது. ஒன்று புள்ளி ஆறு ஐந்தில் காலையெல்லாம் தாங்கியது, கூரை சூடேறியதும் பிழை காட்டியது. ஒன்று புள்ளி ஏழு வைத்து, கேபினெட் மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டான். மத்தியான வெயிலிலும் ஒரு பிழை இல்லை. சாயங்காலம்வரை ஓடியது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவனால் முடியவில்லை. ஒரு நாள் பொறுமையாகச் சோதித்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

கடையைப் பூட்டிவிட்டு கீழ்புத்துப்பட்டுக்குப் போனான். ஜெயப்ரியா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"எப்ப தெரிஞ்சுதுண்ணா உங்களுக்கு?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். "அவரு வந்தன்னைக்கே சந்தேகம் இருந்துச்சு."

அவள் கை நின்றது. "அப்ப தெரிஞ்சேதான் சொன்னீங்க."

"ஆமா ஜெயா."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? யாருகிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க." உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை உப்பளத்துக்குப் போனான். கண்ணாயிரம் வரப்பில் நின்று, பாத்தியில் உப்பு வாருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் காதுபடவே தட்சணாமூர்த்தி சொன்னான். வோல்டேஜ் என்றால் அவருக்குப் புரியவில்லை. "மெஷினை நான்தான் கெடுத்தேங்க. அந்தப் பொண்ணு எதுவும் அழிக்கல. நான் பொய் சொன்னேன்" என்றதும் புரிந்தது.

அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அன்னைக்கு அவளை வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேப்பா. என் பொண்ணு வயசு அவளுக்கு." பைக் சாவியை எடுத்தார். "வீட்டைக் காட்டு."

கீழ்புத்துப்பட்டில் கண்ணாயிரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவர் ஏதோ சொல்வதும், ஜெயப்ரியாவின் அம்மா ராசம்மாள் அழுவதும் கேட்டது. தட்சணாமூர்த்தி பைக் பக்கத்திலேயே நின்றான். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டான்.

ஜெயப்ரியா பிறகு திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். சேர்த்துவிட்டது கண்ணாயிரம்தான்.