பத்திரிகையில் ஏறிய பட்டம்

அச்சகத்திலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டை ராக்கையா ஏலக்காய் மூட்டைமேல் வைத்துப் பிரித்த நேரத்தில்தான் அவர் மகள் சந்திரவல்லி அதைச் சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு ஆய்வேட்டக் குடுக்கப் போறதில்ல. நிரூபணம் தப்பு."

மனிதர் காதில் எங்கே விழுந்தது! பத்திரிகையில் மகள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று கொட்டை எழுத்தில் நின்றது. ராசிங்காபுரத்திலிருந்து போடிமெட்டுத் தோட்டங்கள் வரை ஒரு சொந்தம் விடாமல் சொல்லி முடித்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு அது; அவர்கள் வகையறாவிலேயே இதுதான் முதல் டாக்டர் பட்டம்.

"தப்புன்னா திருத்திக் குடுத்துரு."

திருத்தவா? சேலைக் கிழிசலா, தைத்துவிட? அவள் எடுத்துக்கொண்ட கணிதத்தில், உயர்ந்த அலை முன்னால் சாய்ந்து உடையப் பார்க்கும். பரவி விரிந்து அடங்கவும் பார்க்கும். இந்த இழுபறியில் தன் சமன்பாட்டின் அலை எந்தக் காலத்திலும் உடையாது என்று காட்டத்தான் ஐந்து வருஷமாக மதுரையில் மல்லுக்கட்டினாள். நேற்று பஸ்சில் கடைசியாகப் புரட்டியபோது கண்ணில் பட்டுத் தொலைத்தது. மாறாத எண் என்று அவள் எழுதிவைத்தது காலத்தோடு வளர்ந்துகொண்டே போயிற்று. அப்படியானால் அலை கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவே. அதற்கப்புறம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஒங்க வாத்தியாரே பாத்துச் சரின்னாருல்ல? வேற எவனுக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதேப்பா."

"ஊரு சிரிக்கும் ஆத்தா. மாப்ள வீட்டுல என்னத்தச் சொல்லுவேன்?"

"நானே சொல்றேன். கல்யாணம் நடக்கட்டும். இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, முட்டி மோதி முடிக்கிறேன். முடிக்காம டாக்டர்னு போட்டுக்க மாட்டேன்."

சொன்ன கையோடு கறுப்புப் பேனாவைத் திறந்து முதல் பத்திரிகையை இழுத்தாள்.

"அய்யய்யோ! நல்ல காரியத்துல கறுப்பு மை வைக்காதடி!" பத்திரிகை மூலைகளில் தடவ மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்த அம்மா ராமுத்தாய் கிண்ணத்தோடு ஓடிவந்தாள்.

கிண்ணத்தை ராக்கையா வாங்கிக்கொண்டார். முகம் செத்துப்போயிருந்தது. மகளைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைத் தோய்த்து 'டாக்டர்' மேல் அழுத்தி இழுத்தார். அடுத்த பத்திரிகையை எடுத்தார்.

சந்திரவல்லி பேனாவை மூடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து நிரூபணத்தை அந்தப் பொல்லாத வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினாள்.

"இது வெரசாக் காயாது," என்றார் ராக்கையா, யாரிடமோ. ஈர மஞ்சளுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிந்தது. விரலை மறுபடி கிண்ணத்தில் விட்டார்.