கூப்பிடாத பெயர்

என் மகனுக்கு இரண்டு பெயர். எழுதுகிற பெயர் நல்லமுத்து, கூப்பிடுகிற பெயர் கோகுல். முதல் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நான் வாக்கப்பட்டு வந்த பரளச்சிப் பக்கத்து வழக்கம். நான் அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். எனக்குக் கோகுல் என்ற பெயர்தான் பிடித்திருந்தது. பெயர் வைத்த அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"மாமா பேரச் சொல்லி நான் எப்பிடிக் கூப்பிடுவேன்? வீட்டுல கோகுல்னுதான் கூப்பிடுவேன்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. எனக்கு எழுதக் கை வருகிறது, சொல்ல வாய் வராது. போதாததற்கு, பெற்ற பிள்ளையை ஒரு நாளாவது எருமை, கழுதை என்று திட்டாமல் வளர்க்க முடியுமா? மாமனார் பெயரோடு சேர்த்து எப்படித் திட்டுவது? என் வீட்டுக்காரருக்கும் அதே சங்கடம், அது அவர் அப்பா பெயர். என் மாமியார் ராக்கம்மாள் எங்களுக்கெல்லாம் மேல். ஆமணக்கு முத்தை 'வெளக்கெண்ணெக் கொட்ட' என்பார். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அவருக்கு வெறும் பேச்சி. சாகிற வரைக்கும் 'முத்து' என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

மாமியார் இறந்த பிறகு மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். வாசலில் நின்று "ஏலே நல்லமுத்து, வாலே கடைக்கு" என்று கூப்பிட அவர் சேக்காளி இருளாண்டி ஒருத்தர் இருந்தார். தொண்ணூறாம் வருஷம் தை மாதம் அவரும் போய்ச்சேர்ந்தார். அதற்கப்புறம் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வயசில் ஊரில் யாருமில்லை. எல்லாருக்கும் அவர் பெரியப்பா, மாமா, தாத்தா.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பேரன நல்லமுத்துன்னே கூப்பிடலாம்ல, தாயி?"

"அய்யோ, நான் எப்பிடி மாமா!"

"ஆமாமா. நீ எப்பிடிச் சொல்லுவ."

பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர்கள் வைத்த வழக்கம்தானே? வந்த புதிதில் நான் மிளகை நல்லமிளகு என்று சொன்னதற்கே மாமியார் முகத்தைச் சுளித்தார், அப்போது இவர் வாயே திறக்கவில்லை. அவ்வளவு ஆசையென்றால் அவரே கூப்பிட வேண்டியதுதானே என்றும் நினைத்தேன். தன் பெயரைத் தானே கூப்பிட யாருக்குத்தான் மனசு வரும்? சாயங்காலம் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். நாக்குப் புரளவில்லை. அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் வரவில்லை.

கோகுல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் மழை இல்லை. ஆனாலும் தினமும் காலையில், பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பின கொஞ்ச நேரத்தில், மாமா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார். ஆடி மாதக் கரிசல்காட்டில் வெடிப்பைத் தவிர என்ன இருக்கிறது? சீக்கிரமே திரும்பியும் வந்துவிடுவார். வரும்போது முகம் தெளிந்திருக்கும். டீக்கடைக்குப் போய்வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். மாமா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், திருநீறு பூசிவிட்டார். பிறகு வழக்கம்போல "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார், பிள்ளை நெருப்பாய்க் கொதிக்கிறது, இவருக்குக் காடு கேட்கிறது! பேச்சியக்காவைப் பிள்ளை பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, லீவு சொல்ல நானே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி மாமா நின்றுகொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. உள்ளே வாத்தியார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொரு குரலாக "உள்ளேன் ஐயா" என்று வந்துகொண்டிருந்தது. மாமா கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் இதற்குத்தான் வருகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆள் அந்த வாத்தியார்தான்.

"நல்லமுத்து."

வகுப்பில் சத்தமில்லை.

"நல்லமுத்து வரலையா?"

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்து, பின்னால் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

"உள்ளேன் ஐயா."

லீவு சொல்ல வந்த நான், சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.