லே-ஆஃப் பட்டியலில் கிருபா

1

இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். தொண்ணூற்று நாலில் ஒரு சாயங்காலம், சிங்காநல்லூர் டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"லே-ஆஃபுல இருக்கறவங்களப் பேரச் சொல்லிக் கூப்புட்டுப் பாத்தாங்களாமா?"

"ஆமாங்க்கா. எம் பேரு வந்தப்ப அவ என்ன சொன்னாளோ..."

அதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். இறங்கியது தப்பு என்று இன்றுவரை தோன்றுகிறது. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். பேச்சு நின்ற இடத்தில் பயம் மட்டும் நிற்கும்.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'மில் புகைபோக்கிக்கு மேலே சூரியன்...' அடித்துவிட்டேன். சூரியனுக்கென்ன, அதற்கு என்றைக்கும் வேலை உண்டு.

பிறகு அகராதியை எடுத்தேன். லே என்றால் வை. ஆஃப் என்றால் அப்பால். சேர்த்தால், வேலை இல்லையென்று ஆட்களைக் கொஞ்ச காலம் நிறுத்திவைப்பது; ஒரேயடியாக அனுப்பிவிடுவது. பழக்கத்தை விடுவதும் அதுவே. 'சும்மா விடு, அவளைத் தொந்தரவு பண்ணாதே' என்பதும் அதுவே. முதல் பொருளுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஓர் அரைப்புள்ளிதான் இருந்தது. மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதிப் பெண்கள் அந்த அரைப்புள்ளியில்தான் நாற்பது நாளாக உட்கார்ந்திருந்தார்கள்.

மில் காலனியில் அகராதி வேறு.

"ஏனுங்க்கா, கொழாய்ல தண்ணி வருதுங்களா?"

"அதுக்கும் லே-ஆஃபு உட்டுட்டாங்க கண்ணு."

"உங்க மாமியா வாய்க்கு எப்பங்க்கா உடுவாங்க?"

"அது மூணு ஷிப்ட்டும் ஓடுமாக்கு!"

3

(விதியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பயம் புரியாது. லே-ஆஃபில் இருப்பவர்கள் தினமும் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு மில் கேட்டுக்கு வந்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே விடமாட்டார்கள். போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். போட்டால் பாதிச் சம்பளம். வேறெங்கும் வேலைக்குப் போனது தெரிந்தால் பேரை அடித்துவிடுவார்கள்.)

பஸ்ஸில் 'எம் பேரு' என்றவளுக்குக் கிருபா என்று பேர் வைத்தேன். அவள் தினமும் திருப்பூருக்குப் போய்வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இங்கே அவள் கையெழுத்தைப் பக்கத்து வீட்டுப் பொற்கொடி போட்டாள். தன்னுடையதை வலது கையால், கிருபாவுடையதை இடது கையால். வாட்ச்மேன் அரங்கசாமி அந்த நேரம் பார்த்துத் திரும்பி நின்று பீடி பற்றவைப்பார்.

4

நாற்பத்தோராம் நாள் நோட்டு இல்லை. டைம் ஆபீஸ் சுந்தரராஜுலு கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பட்டியல். பேரைக் கூப்பிட்டு, கண்ணாடிக்கு மேலாக முகத்தைப் பார்த்து, டிக் போட்டார்.

"எதுக்குங்க சார் இது?"

"வந்தவங்க பேரு மட்டும் மேல போகுதும்மா. பாதிப் பேர உள்ள எடுக்கறாங்க."

மீதிப் பேர்? யாரும் கேட்கவில்லை.

பொற்கொடியின் காதருகே பூவாத்தாள் குனிந்தாள். இவளும் ரீலிங்தான். "கிருபா நூத்திப் பன்னண்டு. நீயி நூத்திப் பதினெட்டு. நடுவுல அஞ்சு பேரு. கொரல மாத்திச் சொல்லிப்போடு."

"மொகத்தப் பாக்கறாருங்க்கா."

"அப்பக் கம்முனு இரு. ஒருத்தி கழிஞ்சா இன்னொருத்திக்கு எடம்."

பூவாத்தாள் சொல்வதற்கு முன்பே பொற்கொடியின் மனசுக்குள் அந்தக் கணக்கு ஓடியிருந்தது. சுந்தரராஜுலுவைவிட அதற்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

5

[முதல் பிரதியில் பொற்கொடி சுந்தரராஜுலுவைப் பார்த்துத் துணிந்து கத்தினாள். எனக்கே வெட்கமாகப் போயிற்று. நான் எந்த கேட்டின் முன்னாலும் அப்படிக் கத்தியதில்லை. அடித்தேன்.]

வேறு முடிவுகள் இருக்கின்றன.

கிருபா பேருக்கு அவளே "வந்திருக்கேனுங்க" என்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். இரண்டு பேருடைய வேலையும் போகிறது.

அல்லது அரங்கசாமி இருமிவிட்டு, "அந்தப் புள்ள இப்பத்தான் கக்கூசுக்குப் போச்சுங்க" என்கிறார். நல்ல பொய். ஆனால் அவருக்கும் வேலை வேண்டுமே.

அல்லது அவள் வாயைத் திறக்கவில்லை. நூற்றுப் பதினெட்டுக்கு டிக் விழுகிறது. சாயங்காலம் கிருபா சோற்றுத் தூக்குப்போசியோடு வாசலில் வந்து நின்று, "ஏனுங்க்கா, இன்னிக்கு எம் பேரு..."

இந்த வாக்கியத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். முடிக்க முடியவில்லை.

6

"நூத்திப் பன்னண்டு. கிருபா."

அரங்கசாமியின் பீடி கையிலேயே எரிந்தது.

"கிருபா வந்திருக்குதா, இல்லியா?"

காதைக் கொடுத்துக் கேட்கிறேன். பொற்கொடியின் உதடு பிரிகிற சத்தம் வருகிறது. அதற்குமேல் பேச்சு வரவில்லை. வராத பேச்சை எழுத எனக்குத் தெரியாது.

நான் இந்தத் தடவையும் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் வரிசையில்தான் நிற்கிறீர்கள், பூவாத்தாளுக்கு அடுத்து. உங்கள் பேரை இன்னும் கூப்பிடவில்லை. சுந்தரராஜுலு பேனாவைக் கிருபாவின் பேர்மேல் வைத்துவிட்டார். தலையைத் தூக்குகிறார். கண்ணாடிக்கு மேலாக அவர் பார்ப்பது உங்களை.

"கிருபா?"