ஓடாத வண்டியின் டயர்

முன்சக்கரத்தில் சோப்பைத் தெளித்துப் பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்ததும் நுரை டீ நிறத்துக்கு மாறி வழிந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. அது மாமனாரின் கார். இரண்டு மாதமாக உறையைப் போர்த்திக்கொண்டு வாசல் ஷெட்டில் சும்மா நிற்கிற கார். போன செவ்வாய்க்கிழமைதான் இதே டயர்களை நுரை வெள்ளையாக வரும்வரை தேய்த்துக் கழுவியிருந்தேன்.

நான் வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாமனாரின் வாயில் அது 'வண்டி குளிப்பாட்டுற கடை'. கல்யாணத்தின்போது தன் சொந்தக்காரர்களிடம் மட்டும் "மாப்பிள்ளை ஆட்டோமொபைல் துறையில் இருக்கிறார்" என்று சொல்லிவைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை என்றால் எங்கள் தொழிலில் அன்றைக்குத்தான் மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் எனக்குச் செவ்வாய். அன்றைக்கு மனைவி அலுவலகத்துக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவார்கள். வீட்டில் நானும் மாமனாரும் மட்டும் ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் நடமாடிக்கொண்டிருப்போம். பொழுது போகவேண்டுமே என்று அவருடைய காரைக் கழுவி வைப்பேன். ஓடாத வண்டி என்றாலும் தூசி படியத்தான் செய்யும்.

டயர் பழுப்பேறுவதைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். யாரும் கேட்பதில்லை, சண்டைக்குத்தான் வருவார்கள். கழுவி வாங்கிப் போன நாலாம் நாள் திரும்பி வந்து, "டயரெல்லாம் மண்ணா இருக்கு, என்னத்தைக் கழுவினீங்க?" என்று நிற்பார்கள். அது மண் இல்லை. ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடக் கூடாது என்று டயர் செய்யும்போதே உள்ளே ஒரு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். சக்கரம் உருளும்போது டயர் நசுங்கி நசுங்கி நிமிர்கிறதல்லவா, அப்போது அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, காற்றுப் பட்டுப் பழுப்பாகிறது. டயருக்கென்று இருக்கிற சோப்பைப் போட்டு நுரை வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் பதத்தில் இருக்கிற பாலிஷை மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள மலிவு பாலிஷைப் பூசினால் இரண்டு நாளைக்குப் பளபளக்கும், அப்புறம் முன்னைவிட மோசமாகப் பழுக்கும். நிற்கிற வண்டிக்கும் பழுப்பு வராமல் இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் இவ்வளவு வராது. இது ஓடின டயர்.

மாமனார் ஹாலில் உட்கார்ந்து பேப்பரை விரித்து வைத்திருந்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பதும் தெரிந்தது, பார்க்காத மாதிரி இருப்பதும் தெரிந்தது.

"மாமா, வண்டியை யாராவது எடுத்தாங்களா?"

"நிக்கிற வண்டியை யாரு எடுக்கப் போறா?" பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "வெயில் அடிக்குது இல்ல, அதுல ஏதாவது ஆகியிருக்கும்."

ஷெட்டுக்குள் வெயில் வராது. கதவைத் திறந்து மீட்டரில் கிலோமீட்டர் ஏறியிருக்கிறதா என்று பார்த்திருந்தால் அந்த நிமிடமே விஷயம் முடிந்திருக்கும். பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் சொல்லியாக வேண்டும்.

அவர் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் பாதியை ஸ்டீயரிங்குக்குப் பின்னாலும், மீதியை டாக்டர்களின் அறை வாசலில் காத்திருந்தும் கழித்தவர். மாமியார் போன பிறகு ஒரு சூட்கேஸும் இந்தக் காருமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். சூட்கேஸை உள்ளே கொண்டுவைப்பதற்கு முன்பே காரை எங்கே நிறுத்துவது என்றுதான் கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், நேராகப் போய்க்கொண்டிருந்த சாலையில், நடுவில் இருந்த தடுப்புச் சுவரில் காரை ஏற்றிவிட்டார். நல்லவேளை, பம்பரோடு போயிற்று. எப்படி மோதியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் என்னென்னவோ எடுத்துப் பார்த்துவிட்டு, வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம், ஆள் விழமாட்டார், உதறமாட்டார், கொஞ்ச நேரம் நினைவு மட்டும் இருக்காது என்றார். மாத்திரை எழுதினார். ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொடக் கூடாது என்றார்.

கூத்து என்னவென்றால், அந்த மாத்திரையை இருபது வருஷம் விற்றவரே என் மாமனார்தான். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு டாக்டருக்கே அதன் பக்க விளைவுகளை ஒப்பித்தார். வெளியே வந்ததும், "அன்னைக்கு நான் காலைல சரியா சாப்பிடல, அவ்வளவுதான். இவங்களுக்கு எதையாவது எழுதணும்" என்றார். மனைவி அழுதுவிட்டாள். வண்டியை எடுக்க மாட்டேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தார். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது அப்பாவை அவமானப்படுத்துவதாகும் என்று அவள் நினைத்தாள். சாவி அவர் அறை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாயும் நுரை பழுப்பாகத்தான் வழிந்தது. இந்தத் தடவை நான் கேட்கவில்லை. வழிந்ததை அவர் ஜன்னலிலிருந்து பார்த்தார். நான் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கியதையும் பார்த்தார். மாப்பிள்ளைக்கு டயரைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது என்று அவருக்கு அன்றைக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அதற்கடுத்த செவ்வாய் உறையை எடுத்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலு டயரும் அப்போதுதான் எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி கன்னங்கரேலென்று மின்னின. விரலை வைத்தால் வழுக்கியது. கடையில் கிடைக்கிற விலை குறைந்த பாலிஷ், நான் என் கடைக்குள்ளேயே விடாத சரக்கு. அதைத் துடைக்காமல் கொள்ளாமல் பாட்டில் முழுவதையும் பூசியிருக்கிறார். பூசியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பூசி முடித்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சக்கரம் சுற்றிய வேகத்தில் பிசுக்கு தெறித்து, வெள்ளை நிறக் காரின் கதவு நெடுக, இரண்டு பக்கமும், கரும்புள்ளி அள்ளி இறைத்திருந்தது. நிற்கிற வண்டியில் பாலிஷ் மேல்நோக்கித் தெறிக்காது. திருட்டை மறைக்கப் போனவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

எப்போது வந்து பின்னால் நின்றாரோ தெரியாது. நானும் அவரும் அந்தக் கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றோம்.

"போகுமா அது?" என்றார்.

"போகும் மாமா. துணியும் பிசுக்கு எடுக்கிற கரைசல் கொஞ்சமும் போதும்."

"அவகிட்ட சொல்லப் போறீங்களா?"

புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் உள்ளே போகாமல் நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல், "எங்க போறீங்க மாமா?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல. சும்மா ஒரு சுத்து. வெளி ரோடு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவேன்." சட்டைப் பையைத் தடவினார், அதில் ஒன்றும் இல்லை. "வீட்டுல உக்காந்திருந்தா நான் நோயாளி மாதிரி இருக்கு மாப்ளே. அதுல உக்காந்தா அப்படி இல்ல."

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும், பாவம்தான் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் கழுவி எடுத்துக் காயவைத்த பிறகு, "ஒரு தடவை நானும் கூட வரேன், ஓட்டிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் என்று கேட்டால், அவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார் என்று என் கண்ணால் பார்த்துவிட்டால் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்தார்.

உண்மையைச் சொல்வதென்றால் அவர் ஓட்டியதைப் போல நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை. கியர் மாறுவது காதுக்குத்தான் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. முன்னால் போகிற லாரி எப்போது ஒதுங்கும் என்பது லாரிக்காரனுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர் வழி நெடுகப் பேசினார். எந்த டாக்டர் எத்தனை மணி நேரம் காக்க வைப்பார், எந்த டாக்டரிடம் முதலில் அவருடைய நாயைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். வெளி ரோட்டில் ஒரு கடையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் எதற்கும் ஒரு எச்சரிக்கைக்குச் சொல்வார்கள்தான், இதை எப்படியாவது மனைவிக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

திரும்பி வரும்போது அவர், "அடுத்த மாசத்துலேர்ந்து குட்டியை ஸ்கூல்ல நானே விட்டுக் கூட்டிட்டு வரேன் மாப்ளே. அந்த வேன்ல புளிமூட்டை மாதிரி அடைச்சுட்டுப் போறான். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார்.

"பாக்கலாம் மாமா" என்றேன். சரி என்று சொல்ல வாய்வரைக்கும் வந்ததுதான்.

சிக்னலில் நின்றோம். சிவப்பில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. அவர் ஏதோ ஒரு கம்பெனி கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். பச்சை விழுந்தது. பக்கத்து வண்டிகள் கிளம்பின. எங்கள் கார் நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. வாய் எதையோ மெல்லுவது போல மெதுவாக அசைந்தது. வலதுகை விரல்கள் ஸ்டீயரிங்கின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன, துணியின் தரம் பார்ப்பவரைப் போல.

"மாமா."

பின்னால் ஹாரன்கள் கத்தின. அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"மாமா!"

கொஞ்சம் கழித்து அவர் கண்ணைச் சிமிட்டினார். பெருமூச்சு விட்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, எப்போதும் போல ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரைப் போட்டு, வண்டியை நகர்த்தினார்.

"இவனுங்களுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்? இப்பதானே பச்சை விழுந்துச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி எடுத்ததை மறைத்தார், பாலிஷ் பூசி மறைத்தார். இதை அவர் மறைக்கவில்லை. இது அவருக்கே தெரியாது.

"மாமா, வண்டியை ஓரமா நிறுத்துங்க."

"ஏன்?"

"நிறுத்துங்க மாமா, சொல்றேன்."

இண்டிகேட்டரைப் போட்டு, ஒரு மூடிய கடைக்கு முன்னால் ஒழுங்காக ஓரம் கட்டினார். பச்சை விழுந்து வெகு நேரம் ஆகிவிட்டிருந்தது என்றும், நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் மறுத்துப் பேசுவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய் அசைஞ்சுதா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எதையாவது மெல்லுற மாதிரி."

"ஆமா மாமா."

"கை?"

"விரல் ஸ்டீயரிங்கைத் தடவிட்டே இருந்துச்சு."

தலையை ஆட்டினார். டாக்டர்களின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசிப் பழகிய குரல் வந்தது, நிதானமாக, மனப்பாடமாக. "பேஷண்டுக்குத் தெரியாது. நேரம் போனதே தெரியாது. அதனால முதல்ல கூட இருக்கிறவங்களை விசாரிங்க டாக்டர். அப்படித்தான் ஆரம்பிப்பேன். இருபது வருஷமா அப்படித்தான்." பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பிள்ளைகள் காரை ஒட்டி நடந்து போனார்கள். அவர்கள் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளும் கூட யாரும் இல்லையே மாப்ளே" என்றார்.

அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே இறங்கினார். நான் இருந்த இடத்திலிருந்தே நகர்ந்து ஓட்டுநர் சீட்டுக்கு மாறினேன். அவர் கதவைப் பிடித்தபடி குனிந்தார்.

"அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க. சாவியையும் குடுத்துடுங்க. அந்த டயருக்குப் பாலிஷ் அடிச்சதை மட்டும் சொல்லாதீங்க. சிரிப்பா."

"சொல்லல மாமா."

கதவைச் சாத்தினார். உடனே சுற்றிப்போய் ஏறிக்கொள்ளவில்லை. பக்கக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். அது அவர் உயரத்துக்கு வைத்திருந்த கண்ணாடி, எனக்கு அதில் வானம்தான் தெரிந்தது. அதைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கி, "பின்னாடி வர்றது தெரியுதா?" என்று கேட்டார். கண்ணாடி முழுக்க அவருடைய சட்டைதான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் மாமா" என்றேன். இன்னும் கொஞ்சம் திருப்பினார்.