கோணல் ஜன்னல்கள்

தேயிலைத் தோட்டத்து லயத்துப் படியில் ஏறிவந்த லக்ஸ்மனின் முழங்கையைப் பிடித்து, வீரய்யா அவனைக் கோழிக்கூட்டுப் பக்கம் இழுத்துப் போனார். வாசல் இஸ்தோப்பில் அவர் மகன் துஷாந்த் சவப்பெட்டிக்குள் கிடந்தான். கொழும்பில் பிடித்த டெங்குக் காய்ச்சல் ஐந்தே நாளில் ஆளை முடித்திருந்தது.

"நீங்கதானே அவனோட வேல செஞ்ச தம்பி?"

"ஓம் ஐயா. கட்டிடங்களுக்கு மாதிரி வீடு செய்யிற இடம். லேசர் மெசினில பலகை வெட்ட நான்தான் பழக்கினனான்."

"பழகின கதையெல்லாம் இங்க வேணாம். யாரு கேட்டாலும் இஞ்சினியர்னு சொல்லுங்க. இராமையா மகள அப்புடிச் சொல்லித்தான் அவனுக்குப் பேசி வச்சிருந்தேன். மரண நோட்டீஸ்லயும் அதான் போட்டிருக்கு."

முப்பது வருடம் காலைப் பெரட்டில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிட்ட கணக்கப்பிள்ளை அவர். கெஞ்சத் தெரியாது. கட்டளையாகவே வந்தது. லக்ஸ்மன் தலையாட்டினான்.

பிறகு அவன் பையிலிருந்து ஒரு சின்னப் பலகை வீட்டை எடுத்துப் பெட்டியின் தலைமாட்டில் வைத்தான். துஷாந்தின் அறையில் இருந்ததாம். ஒப்பாரி வைத்த பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கொட்டகலையிலிருந்து வந்திருந்த இராமையா நாற்காலியை விட்டு எழுந்து குனிந்தார்.

"மாப்ள செஞ்சதா?"

"ஓம். இஞ்சினியர்தானே."

"என்ன தம்பி, ஜன்னலெல்லாம் சரிஞ்சு கெடக்கு?"

தப்பு அடிக்கிறவர்கள் பக்கமிருந்து எவனோ சொன்னான்: "இஞ்சினியரு கட்டினதவிட அந்தக் கோழிக்கூடு நேரா நிக்குது!"

இரண்டு மூன்று பேர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்கள்.

வீரய்யாவுக்குக் காது சுட்டது. அந்த ஜன்னல்கள் ஏன் சரிந்தன என்று அவருக்குத் தெரியும். தீபாவளிக்கு வந்தபோது துஷாந்த் ஒரு தீப்பெட்டி அட்டையை வைத்து விளக்கியிருந்தான். வெளியே சொல்லாதே என்று அவர்தான் அவன் வாயை அடைத்தார். இப்போதும் பேசாமல் இருந்தால் இஞ்சினியர் என்ற பேர் நிற்கும். ஆனால் அவன் கை வேலைக்கு இந்தச் சிரிப்புத்தான் மிஞ்சும்.

"அவன் இஞ்சினியர் இல்ல," என்றார்.

தப்பு அடித்த கை நின்றது.

"நாந்தான் பொய் சொன்னேன். அவன் மெசின் பழகிக்கிட்டிருந்தான். மொதல்ல ஜன்னல வெட்டிட்டு அப்பறந்தான் சுவரோட சுத்து ஓரத்த வெட்டணும். இது அவன் தனியா வெட்டின மொத வீடு. தெரியாம சுவர முன்னுக்கு வெட்டிட்டான். பலக கழண்டு நகந்திருச்சு. அதான் கோணல்."

லக்ஸ்மன் பக்கம் திரும்பினார். அதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"அடுத்தது நேரா வந்துச்சா?"

"வந்தது ஐயா. ஒரு நூல்கூடப் பிசகேல்ல."

இராமையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். வீரய்யா கூப்பிடவில்லை.

பெட்டியை மூட வந்தார்கள். அவர் அந்த வீட்டை எடுத்து மகனின் கையருகே வைத்தார். வெட்டின ஓரங்களின் கரி விரல்களில் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைக்கப் போனவர், துடைக்காமல் கையை விரித்தபடியே நின்றார்.